கொழும்பில் புதுக் கூபே: எந்த ஒப்ஷனுக்குக் காசு கொடுக்கலாம்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள், புதுக் கூபே (இரண்டு கதவு, தாழ்ந்த கூரைக் கார்) ஒன்று வாங்கக் காசு சேர்த்துவிட்டீர்கள், மூன்று இடங்களில் விலை எடுத்திருக்கிறீர்கள். ஓரிடத்தில் "பீஎம்டபிள்யூ 220 கூபே", இன்னோரிடத்தில் டொயோட்டா ஜீஆர் 86, மூன்றாமிடத்தில் ஹொண்டா பிரெலூட். மூன்று பேருமே "ஃபுல் ஒப்ஷன்" என்கிறார்கள், ஆனால் விலைகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நிற்கின்றன. எது லாபம், எந்த ஒப்ஷன் அவசியம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். நீங்கள் கொடுக்கப்போகும் தொகையில் காருக்கு எவ்வளவு, ஒப்ஷனுக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு? அதைப் பிரிக்காமல் மூன்று தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயனில்லை.

வாகன இறக்குமதியில் விலைமனு தயாரிப்பது, வங்கியில் எல்சி என்னும் நாணயக் கடிதம் திறப்பது, ஒப்ஷன் பட்டியலை வெளிநாட்டுக்கு அனுப்புவது என்று நீண்ட காலம் வேலை பார்த்தவன் நான். இப்போது லீசிங்குக்கும் காப்புறுதிக்கும் வாகன மதிப்பீடு செய்கிறேன். ஆகவே விலை, வரி, ஒப்ஷன், விற்கும்போது என்ன கிடைக்கும் என்பவை பற்றித் தைரியமாகப் பேசுவேன். எஞ்சினின் ஆயுள் பற்றி ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கேளுங்கள். எது ஓட்டச் சுகம் என்பதை உங்கள் இடுப்பும் முழங்காலும்தான் சொல்ல வேண்டும்.

முதலில் வரி. 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். அப்போது வந்த வரி அமைப்பில் நமக்கு முக்கியமானவை நான்கு. சிஐஎஃப் பெறுமதியில், அதாவது வண்டியின் விலை, காப்புறுதி, கப்பற்கூலி மூன்றும் சேர்ந்த தொகையில், 20 வீதம் சுங்க வரி. அந்த வரியில் பாதி மேலதிக வரி, ஆகமொத்தம் 30 வீதம். அடுத்தது எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி. இது சீசீக்கு இவ்வளவு ரூபாய் என்ற கணக்கு. மூன்றாவது சொகுசு வரி: சாதாரண பெற்றோல் காரின் பெறுமதி 50 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 100 வீதம். பெற்றோல் ஹைபிரிட்டுக்கு எல்லை 55 லட்சம், வீதம் 80. சொகுசு வரி தவிர்ந்த மற்றவற்றின் தலையில் 18 வீத வற் (பெறுமதி சேர் வரி). வற் கணக்குப் பார்க்கும்போது சுங்கம் பெறுமதியில் இன்னும் 10 வீதத்தைக் கூட்டிக்கொள்ளும். இவை திறந்தபோது இருந்த வீதங்கள். நீங்கள் ஓடர் கொடுக்கும் நாளில் நடைமுறையில் இருக்கும் வர்த்தமானியைப் பார்த்துத்தான் கணக்கை முடிக்க வேண்டும். கணக்குப் போடும் முறை எப்படியும் இதுதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, உற்பத்தி வரிக்கும் ஒப்ஷனுக்கும் சம்பந்தமே இல்லை என்பது. வெறும் காரானாலும் உச்ச ரகமானாலும், எஞ்சின் ஒன்று என்றால் உற்பத்தி வரியும் ஒன்றுதான். அதனால் எஞ்சின் அளவை முதலில் முடிவு செய்யுங்கள், ஒப்ஷனைப் பிறகு பார்க்கலாம். பெற்றோல் பிரிவில் 1,300 முதல் 1,500 வரை சீசீக்கு 4,450 ரூபாய், 1,800 முதல் 2,000 வரை 7,700, 2,000 முதல் 2,500 வரை 8,450 என்று இருந்தது. 1,499 சீசீ எஞ்சினுக்கு இது ஏறக்குறைய 67 லட்சம். 1,998 சீசீக்கு 1 கோடி 54 லட்சம். இடையில் வற்றையும் சேர்த்தால் வித்தியாசம் ஒரு கோடியைத் தாண்டுகிறது. ஜீஆர் 86 இன் எஞ்சின் 2,387 சீசீ, அதற்கு 2 கோடியே 1 லட்சத்துக்குச் சற்று மேல். இரண்டு லீற்றர் காரோடு ஒப்பிட்டால் வற்றோடு சேர்த்து ஏறக்குறைய 56 லட்சம் கூட. இந்த 56 லட்சத்தில் ஒரு ஸ்பீக்கர்கூட வராது, ஒரு சீட்கூட மாறாது. "இவ்வளவு விலை, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லையே" என்று ஜீஆர் 86 ஐப் பார்த்து ஆட்கள் முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம். ஜப்பானில் அது சாதாரண சம்பளக்காரர் வாங்கும் விளையாட்டுக் கார்.

இனி ஒப்ஷன். தொழிற்சாலையில் பூட்டி வரும் ஒரு லட்சம் ரூபாய் பெறுமதியான பொருள் கொழும்பில் எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். சொகுசு வரி எல்லைக்குக் கீழே இருக்கும் கார் என்றால் சுங்க வரியும் மேலதிக வரியும் 30,000, வற் 25,200, மொத்தம் 1,55,200. எல்லையைத் தாண்டிய பெற்றோல் கார் என்றால் சொகுசு வரியாக இன்னொரு லட்சம் ஏறி 2,55,200. ஒன்றில் ஒன்றரை மடங்கு, மற்றதில் இரண்டரை மடங்கு. இறக்குபவரின் லாபத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. புதுக் கூபே என்று விற்பவை ஏறக்குறைய எல்லாமே எல்லைக்கு மேலேதான் நிற்கும், ஆகவே இரண்டரை என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு யூடியூப்காரர் "இந்தப் பெக்கேஜ் வெறும் ஆயிரம் பவுண்தான், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்" என்று சொல்லும்போது அந்நாட்டு வரியைக் கழித்த பிறகும் நம் காதில் இரண்டாயிரம் பவுணுக்கு மேல் என்று விழ வேண்டும்.

ஜீஆர் 86 ஐயே உதாரணமாக எடுக்கிறேன். 2021 இல் ஜப்பானில் வந்தபோது மனுவல் கியரில் ஆர்சி ரகம் 27,99,000 யென், ஆர்இசட் ரகம் 33,49,000 யென். (பிறகு விலை கூடிவிட்டது, கணக்கு விளங்குவதற்காகச் சொல்கிறேன்.) வித்தியாசம் ஐந்தரை லட்சம் யென். அதில் ஜப்பானின் 10 வீத நுகர்வு வரி இருக்கிறது, ஏற்றுமதி வாகனத்துக்கு அது இல்லை, கழித்தால் சரியாக ஐந்து லட்சம் யென். யென் இரண்டு ரூபாய் என்று வைத்தால் பத்து லட்சம் ரூபாய், கொழும்புத் தெருவில் இறங்கும்போது இருபத்தைந்து லட்சம். இந்த இருபத்தைந்து லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது? 18 அங்குல அலோய் வீல், நல்ல சீட் உறை, முன் சீட்டுக்குச் சூடேற்றி, கூடுதல் ஸ்பீக்கர், இன்னும் சில அலங்காரங்கள். எஞ்சின் அதேதான். ஆர்சியில் வெறும் இரும்பு வீல்தான் வரும், அது பந்தயத்துக்குக் கழற்றி மாட்டுபவர்களுக்கான வண்டி, உங்களுக்குச் சரிப்பட்டு வராது. இரண்டுக்கும் நடுவில் எஸ்இசட் என்று ஒரு ரகம் இருக்கிறது, 17 அங்குல வீல். உங்களுக்கு வந்த விலைமனுவில் "ஜீஆர் 86 ஃபுல் ஒப்ஷன்" என்று மட்டும் இருந்தால், எந்த ரகம், கியர் எது, எந்த வருட மொடல் என்று எழுத்தில் கேளுங்கள். "ஃபுல் ஒப்ஷன்" என்பது எந்த உற்பத்தியாளரின் பட்டியலிலும் இல்லாத ரகம்.

உங்கள் முதலாவது விலைமனுவில் எனக்குப் பெரிய சந்தேகம் இருக்கிறது. பீஎம்டபிள்யூவில் "2 சீரீஸ் கூபே" என்று ஒன்று, "2 சீரீஸ் கிரான் கூபே" என்று இன்னொன்று. கூபே இரண்டு கதவு, பின்சக்கரத்தில் இழுக்கும் கார், மெக்சிகோவில் செய்கிறார்கள். கிரான் கூபே நான்கு கதவு, 1 சீரீஸ் ஹட்ச்பெக்கின் அடித்தளத்தில் எழுந்த முன்சக்கர இழுவை வண்டி. கூபேயில் 220ஐ என்றால் 1,998 சீசீ, நான்கு சிலிண்டர். புதிய கிரான் கூபேயில் 220 என்றால் ஒன்றரை லீற்றர், மூன்று சிலிண்டர். பெயரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், உற்பத்தி வரியில் மேலே சொன்ன ஒரு கோடிக் கணக்கு ஒளிந்திருக்கிறது. உங்களுக்குச் சொன்ன தொகை மற்ற இரண்டையும் விடக் குறைவாக இருப்பதைப் பார்த்தால் கிரான் கூபேயாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஊகம்தான், எஞ்சின் கொள்ளளவையும் கதவு எண்ணிக்கையையும் ஒரு தொலைபேசி அழைப்பில் உறுதிப்படுத்திவிடலாம். கிரான் கூபே கெட்ட கார் இல்லை. கூபே கேட்டவருக்கு அதைக் கூபே என்று விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

பிரெலூட் விஷயம் வேறு. 2025 செப்டெம்பரில் ஜப்பானில் 61,79,800 யென்னுக்கு வந்தது, இரண்டு லீற்றர் ஹைபிரிட், நான்கு சீட். நுகர்வு வரியைக் கழித்தால் 56,18,000 யென். ரகம் என்று பிரித்து விற்காமல் ஒரே கட்டமைப்பில் கொடுத்ததால் ஒப்ஷன் குழப்பம் அநேகமாக இல்லை, மூன்றிலும் ஒப்பிட எளிதான விலைமனு அதுதான். ஹைபிரிட் என்பதால் சொகுசு வரியின் எல்லையும் வீதமும் கொஞ்சம் இளக்கம், உற்பத்தி வரிக்கும் ஹைபிரிட்டுக்கென்று தனி அட்டவணை. ஆனால் அடிப்படை விலையே உயரம் என்பதால் அந்த இளக்கம் உங்கள் கையில் மீதியாக நிற்காது.

இப்படி ஒவ்வொரு காரையும் அதன் சொந்த நாட்டு விலையில், அந்நாட்டு வரி நீக்கி, வெறுமையாக எழுதுங்கள். ஜப்பானிய விலையை 1.1 ஆல் வகுங்கள். பிரிட்டனில் 20 வீத வற், ஆகவே 1.2 ஆல். பிரிட்டனில் "ஒன் த ரோட்" விலையில் பதிவுக் கட்டணமும் வீதி வரியும்கூட இருக்கும், அவற்றையும் கழிக்க வேண்டும். அமெரிக்க விலையைப் பார்த்து மனம் ஏங்க வேண்டாம். இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டியை இங்கே பதிவு செய்ய முடியாது. வெறும் விலைக்குக் கீழே ஒப்ஷன்களை ஒவ்வொன்றாக, அந்தந்த நாணயத்தில் எழுதுங்கள். பிறகு வரி, அதன் கீழே மிச்சம். அந்த மிச்சம்தான் இறக்குபவரின் செலவும் லாபமும். மூன்று விலைமனுவிலும் அந்த மிச்சத்தை ஒப்பிட்டால், யார் உங்களைப் பார்த்ததும் விலையைக் கூட்டியவர் என்பது தானாக வெளிவரும். என் அனுபவத்தில் பேரம் பேசி இறங்குவது அந்தப் பகுதி மட்டும்தான். வரியில் யாரும் தள்ளுபடி தர முடியாது. தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த காரில் காசு கொடுத்து வரும் பல பொருட்கள் கொழும்பில் செத்த பொருட்கள். நவிகேஷனில் ஜப்பான் வரைபடம் மட்டும். ஈடீசீ கருவி அங்கத்தைய நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கு, நம் கட்டுநாயக்கா பாதையில் அது வெறும் பெட்டி. எஃப்எம் ரேடியோ 76 இல் தொடங்கி 95 வரை, நம் அலைவரிசைகளில் பாதி அதற்கு மேலே, ஆகவே தனியாக ஒரு கருவி பூட்ட வேண்டி வரும். தொலைத்தொடர்பு வழியாக உதவி அழைக்கும் வசதிகள் அந்நாட்டு சிம்மை நம்பியவை. மெனு ஜப்பானிய மொழியிலேயே பூட்டிக் கிடப்பதும் உண்டு. விலைமனு எழுதுபவர் இவை அனைத்தையும் வரிசையாகப் போட்டுப் பட்டியலை நீட்டுவார். காரில் உட்கார்ந்து, மொழியை மாற்றச் சொல்லி, உங்கள் ஃபோனை கார்ப்ளேயிலோ அண்ட்ரொய்ட் ஓட்டோவிலோ இணைத்துப் பாருங்கள். அது வேலை செய்தால் நவிகேஷன் இல்லாதது ஒரு குறையே இல்லை.

ஐரோப்பியக் காரில் இதற்குச் சமமானது குளிர்காலப் பெக்கேஜ். சூடாகும் சீட், சூடாகும் ஸ்டியரிங். நுவரெலியாவில் பங்களா இருந்தால் யோசிக்கலாம். பீஎம்டபிள்யூ 2022 இல் சில நாடுகளில் சீட்டைச் சூடாக்க மாதச் சந்தா கேட்டுப் பேச்சு வாங்கி, மறு வருடம் அதைக் கைவிட்டது. நம் ஊர் வெயிலில் சந்தா இல்லாமலே சூடாகிறது. சிரிப்புக்கு அப்பால் அதில் ஒரு பாடம் உண்டு. இக்காலக் கார்களில் பொருள் பூட்டியிருந்தும் மென்பொருளால் திறந்தால்தான் வேலை செய்யும் வசதிகள் இருக்கின்றன. உற்பத்தியாளரின் அதிகாரபூர்வ ஏஜென்ட் அல்லாத வழியில் வந்த காரில் அந்த மென்பொருளுக்கான பயனர் கணக்கு எந்த நாட்டில், யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

தொழிற்சாலையிலிருந்தே எடுக்க வேண்டியவை எவை? பின்னர் இங்கே பூட்ட முடியாதவை, அல்லது பூட்டினால் அரைகுறையாக நிற்பவை. என் பட்டியலில் முதலில் வருவது பக்கக் குருட்டிடத்தைப் பார்க்கும் சென்சர். கூபேயின் பின்தூண் தடிப்பு, பின் ஜன்னல் சின்னது. காலி வீதியில் இடப்பக்கத்தால் நுழையும் மோட்டார் சைக்கிளும் த்ரீவீலும் அந்தத் தூணுக்குப் பின்னால்தான் வரும். அடுத்து முன்னும் பின்னும் பார்க்கிங் சென்சர், முடிந்தால் சுற்றிப் பார்க்கும் கெமரா. மூக்கு நீண்ட, தாழ்ந்த காரை வெள்ளவத்தை ஒழுங்கைகளில் திருப்புபவருக்கு அது ஆடம்பரம் இல்லை. மூன்றாவது நல்ல ஹெட்லைட். யாழ்ப்பாணத்துக்கு ஏ9 இல் இரவில் ஓடுபவராக இருந்தால், தானாகத் தாழ்ந்து உயரும் எல்ஈடீ விளக்குக்குக் கொடுக்கும் காசு எனக்குக் கண்ணில் படாது. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி எந்த ரகத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள், அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஜீஆர் 86 இல் தொடக்கத்தில் இந்த வசதியைத் தரும் ஐசைட் என்ற பாதுகாப்புத் தொகுதி ஓட்டோ கியருக்குத்தான் இருந்தது, மனுவலுக்கு 2023 இன் மாற்றத்தோடு வந்தது. ஆகவே மனுவல் வண்டிக்கு விலை சொன்னால் உற்பத்தித் தேதி பெரிய விஷயம்.

தூரம் பார்த்து ஓடும் க்ரூஸ் கண்ட்ரோல் தெற்கு அதிவேக வீதியில் சுகம். ஆனால் பம்பலப்பிட்டிச் சந்தியில் முன்காருக்கும் உங்களுக்கும் இடையில் அது விடும் இடைவெளியில் இரண்டு த்ரீவீல் நுழைந்துவிடும். தனியாக வந்தால் காசு கொடுக்க மாட்டேன், மற்றவற்றோடு சேர்ந்து வந்தால் நல்லது. வீதிக் கோட்டை விட்டு விலகினால் எச்சரிக்கும் வசதியை இங்கே எத்தனை பேர் அணைத்துவிட்டு ஓடுகிறார்கள் என்று உங்கள் நண்பர்களிடமே கேளுங்கள். இந்தக் கெமராக்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால், முன்கண்ணாடி உடைந்து மாற்றினால் மறுபடி அளவுபடுத்த வேண்டும். காப்புறுதி எடுக்கும்போது கண்ணாடிக்கான தொகை அதற்கும் போதுமா என்று பாருங்கள்.

வீல் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஷோரூமில் பெரிய வீல் அழகுதான். ஜீஆர் 86 இன் 17 அங்குலத்துக்கு டயர் 215/45, 18 அங்குலத்துக்கு 215/40. பக்கச் சுவரின் உயரம் முதலாவதில் 97 மில்லிமீற்றர் அளவு, இரண்டாவதில் 86. பதினொரு மில்லிமீற்றர்தான். நீர்வழங்கல் சபையோ தொலைபேசிக்காரரோ வெட்டி மூடிய குழியில் மாலை ஏழு மணிக்கு மழையில் இறங்கும்போது ரிம் வளைவதும் வளையாததும் அதில்தான் இருக்கிறது. ஓடர் கொடுக்கும் முன்பே அந்த அளவு டயர் கொழும்பில் யாரிடம் இருக்கிறது, ஒன்று என்ன விலை என்று கேட்டு வையுங்கள். பல கூபேகளில் ஸ்பெயார் வீல் கிடையாது, காற்றடிக்கும் பெட்டியும் பசையும்தான் வரும். சில ஐரோப்பியக் கார்களில் காற்றில்லாமலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃப்ளெட் டயர், அது விலையும் கூட, சவாரியும் முரடு. மென்மையும் இறுக்கமும் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன் ஒப்ஷனாக இருந்தால் பெரிய வீலுக்கு முன்னால் அதைப் பாருங்கள், ஆனால் உத்தரவாதம் முடிந்த பிறகு அந்த ஷொக் ஒன்றின் விலையையும் சேர்த்தே கேளுங்கள்.

சன்ரூஃப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். என் கருத்தில் கூபேக்கு வேண்டாம். கூரை ஏற்கெனவே தாழ்வு, சன்ரூஃப் பொறிமுறை இன்னும் கொஞ்சம் தலையிடத்தைத் தின்னும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் நீர் வழியும் குழாய்கள் இலையும் தூசும் அடைத்து, மழைக்காலத்தில் கூரைத் துணி நனைவதை மதிப்பீட்டுக்கு வரும் வண்டிகளில் அடிக்கடி பார்க்கிறேன். ஆனால் நேர்மையாகச் சொன்னால், விற்கும்போது கேட்டு வருபவர்களில் சன்ரூஃபைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். பிடித்தால் எடுங்கள், தொழிற்சாலையில் வந்ததை மட்டும். இங்கே கூரையை வெட்டிப் பூட்டுவதைக் கனவிலும் நினைக்க வேண்டாம்.

லெதர், ஓடியோ, கண்ணாடிக்கு வெயில் ஃபிலிம், டேஷ் கெமரா, தரை விரிப்பு, பெயின்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு: இவற்றை இங்கே செய்யுங்கள். நல்ல சீட் வேலைக்காரர் கொழும்பில் இருக்கிறார்கள், இரண்டரை மடங்குக் கணக்கும் இதற்கு இல்லை. ஒரே எச்சரிக்கை, முன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும். அதன் மேல் தடித்த உறையை இழுத்துத் தைத்துவிட்டால் விபத்தில் அது விரியாமல் போகலாம். ஏர்பேக் இருக்கும் சீட்டை முன்பு செய்திருக்கிறாரா என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓடியோ மாற்றும்போது வயரை வெட்டினால் ஏஜென்ட் உத்தரவாதத்தை மறுக்க இடமுண்டு, அதையும் எழுத்தில் கேட்டு வையுங்கள். பூட்டிய சாமான்களின் பில்லைக் காப்புறுதிக்காரரிடம் கொடுத்துப் பதிய வைத்தால்தான் இழப்பு வரும்போது அவற்றுக்கும் சேர்த்துக் கேட்க முடியும்.

சொன்ன ஒப்ஷன் காரில் உண்மையில் இருக்கிறதா என்பதை வாய்ச்சொல்லில் விட வேண்டாம். ஐரோப்பியக் கார்களில் சேஸி எண்ணைக் கொடுத்தால் தொழிற்சாலையில் பூட்டிய ஒப்ஷன்களின் குறியீட்டுப் பட்டியல் எடுக்கலாம், விற்பவரிடமே அதைக் கேளுங்கள். பீஎம்டபிள்யூவின் விளையாட்டு அடையாளமான "எம்" பட்டி வெளியில் ஒட்டிய கார் எல்லாம் எம் ஸ்போர்ட் பெக்கேஜ் இல்லை. ஜப்பான் காரில் ஏல அறிக்கை வந்திருந்தால் அது புதுக் கார் இல்லை, குறைந்த மைலேஜ் ஓடியதோ, அங்கே பதிவாகி ஓடாமல் நின்றதோ ஆக இருக்கலாம். அதில் தவறில்லை, விலை அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

விலைமனுவில் எழுத்தில் இருக்க வேண்டியவை: நாணய மாற்று வீதம் எந்த நாளில் பூட்டப்படுகிறது, கப்பல் வரும் இடைவெளியில் வரி மாறினால் யார் தலையில், முற்பணம் திரும்புமா, பதிவுச் செலவு உள்ளடங்கியதா. வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வரும் என்பதை நினைவில் வையுங்கள், அந்தக் காலாண்டில் ஓடர் கொடுப்பவருக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது. ஏற்கெனவே துறைமுகத்திலோ ஷோரூமிலோ நிற்கும் வண்டி என்றால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலம் இருக்கிறது. இறக்கிய வண்டியை 90 நாட்களுக்குள் பதிவு செய்யாவிட்டால் அபராதம் ஏறும், ஆகவே நாள் நெருங்க நெருங்க விற்பவரின் குரல் மென்மையாகும். உங்களுக்கு வேண்டாத நிறமோ வேண்டாத ஒப்ஷனோ அதில் இருந்தால், அதைக் காட்டியே குறைக்கக் கேளுங்கள்.

லீசிங் எடுப்பதாக இருந்தால் இன்னொன்று. சொந்தப் பாவனைக் கார்களுக்குப் பெறுமதியில் 60 வீதம் வரை இருந்த கடன் எல்லையை மத்திய வங்கி 2025 இல் 50 ஆக்கியது. அந்தப் பெறுமதியைச் சொல்வது என்னைப் போன்ற மதிப்பீட்டாளர். நாங்கள் பார்ப்பது ரகம், வருடம், நிலைமை. ஆறு ஸ்பீக்கர் பத்தானதற்கும், கண்ணைப் பறிக்கும் சிவப்பு லெதருக்கும் தாளில் தனி இடம் கிடையாது. பாதுகாப்புத் தொகுதிக்கும், எஞ்சின் ரகத்துக்கும், ஏஜென்ட் வழியாக வந்த சேவைப் பதிவுக்கும் இருக்கும். ஆகவே அழகு ஒப்ஷனுக்குப் போகும் பணம் முழுவதும் உங்கள் சொந்தக் கையிருப்பிலிருந்துதான்.

மறுவிற்பனையில் எனக்கே தெளிவில்லாத பகுதி இருக்கிறது. ஐந்து வருடம் இறக்குமதி நின்றதால் பழைய கார்கள்கூட விலை ஏறின. அந்தக் காலத்து விலைகளைக் காட்டி "கூபே விலை இறங்காது" என்று யாராவது சொன்னால் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்குவோர் குறைந்த சந்தை இது. ஒரு நல்ல ஆள் வந்தால் நல்ல விலை, வராவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும்.

கார் பார்க்கப் போகும்போது வீட்டில் இருந்து ஓர் அளவுநாடா கொண்டு போங்கள். கூபேயின் கதவு நீளம். அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் தூணுக்கும் பக்கத்து வண்டிக்கும் இடையில் அதைத் திறந்து வெளியே வர முடியுமா என்று பாருங்கள். நிலக்கீழ் நிறுத்துமிடத்தின் சரிவில் மூக்கு உரசுமா என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், டெஸ்ட் ட்ரைவை உங்கள் வீட்டு வாசல் வரை கேளுங்கள். பின் சீட்டில் அம்மாவையோ மாமியையோ ஏற்றிக் கதிரேசன் கோயில் வரை போகிற வழக்கம் இருந்தால், அவர்களையே ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஜீஆர் 86 இன் பின் சீட் பையும் பிள்ளையும் வைக்கத்தான். அந்தக் காருக்கு 92 ஒக்டேன் பெற்றோலும் போதாது. 12.5 க்கு 1 அழுத்த விகிதமுள்ள எஞ்சின் அது, 95 தான் ஊற்ற வேண்டும்.

உங்கள் மூன்றில் நான் என்றால், கிரான் கூபே என்று உறுதியானதும் முதலாவதை ஒதுக்குவேன். தினமும் ஒஃபிஸுக்கு ஓடும் கார் இது ஒன்றுதான் என்றால், எரிபொருளையும் ஓட்டோ கியரையும் நினைத்துப் பிரெலூட். ஆனால் ஏஜென்ட் அல்லாத இடத்தில் வாங்குவதாக இருந்தால், ஹைபிரிட் பெட்டரிக்கு உத்தரவாதம் யார் தருகிறார், எந்த வேர்க்ஷொப்பில் கவனிப்பார்கள் என்பது தெரியாமல் முற்பணம் கொடுக்க மாட்டேன். அந்த மொடலின் முன் பம்பரையும் விளக்கையும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடிக் கண்டுபிடிக்க இன்னும் சில வருடம் ஆகும். வீட்டில் வேறொரு கார் இருந்து, இது ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷத்துக்கு என்றால் ஜீஆர் 86, எஸ்இசட் ரகம், 2023 மாற்றத்துக்குப் பின்னையது. மிஞ்சும் காசில் சீட்டையும் ஸ்பீக்கரையும் இங்கே செய்துகொள்ளலாம். மூன்று விலைமனுவையும், பெயர்களையும் சேஸி எண்ணையும் மறைத்துவிட்டு, எஞ்சின் சீசீ, ரகம், மொடல் வருடம், சிஐஎஃப் தொகை நான்கும் தெரியும்படி போட்டால், வரிக் கணக்கை வரி வரியாகப் பிரித்துத் தருகிறேன்.